தத்துவ வகுப்புக்குப் போகும் 10 வயது மகள், விலகிய தோழி, பேசாத பாட்டி: வகுப்பை நிறுத்தலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பிசகியிருந்தால் திருத்துங்கள். உங்கள் மகளுக்கு 10 வயது. பெங்களூருவின் வைட்ஃபீல்டில் நீங்கள் இருக்கும் குடியிருப்புக்குப் பக்கத்தில் நடக்கும் ‘குழந்தைகளுக்கான தத்துவம்’ வகுப்புக்கு ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் போய்வருகிறாள். சேர்க்கும்போது, பிறர் மனதைப் புரிந்துகொள்வாள், நட்பு வளரும் என்றார்கள். நடந்தது வேறு. நெருங்கிய தோழி “நீதான் என் பெஸ்ட் ஃப்ரெண்ட்” என்றபோது, “பெஸ்ட்னா ஒருத்தர்தானே இருக்க முடியும்? போன வாரம் அவளையும் அப்படித்தானே சொன்ன?” என்று கேட்டுவிட்டாள். தோழி இப்போது விளையாடக் கூப்பிடுவதில்லை. அடுத்து, விருந்தாளிகள் வந்திருந்த நேரத்தில், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர் என்று பாட்டியிடம் கேட்டாள். நான்கு நாளாகப் பாட்டி அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில், யோசிக்கப் பழகிய பிள்ளை தனித்துப் போய்விடுமோ என்ற பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தப் பயத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மெய்யியலில் முதுகலை படித்தவன். 2006இலிருந்து பெங்களூருவில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளோடு இந்த வேலையைச் செய்துவருகிறேன். முதலில் இரண்டு பள்ளிகளில், பிறகு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வட்டத்தில். நான் மனநல மருத்துவன் இல்லை. என்னிடம் வந்த பிள்ளைகள் எல்லோருமே பெற்றோர் விரும்பி அனுப்பியவர்கள், வீட்டில் புத்தகம் இருப்பவர்கள். அவர்களை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் தீர்ப்பு எதையும் சொல்ல முடியாது. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை. இந்த வரம்புகளை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

இந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்யூ லிப்மன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். கல்லூரிக்கு வரும் இளைஞர்களுக்கே காரணம் சொல்லிப் பேசத் தெரியவில்லை, அந்த வயதில் ஆரம்பிப்பது தாமதம் என்று அவருக்குத் தோன்றியது. 1974இல் நியூஜெர்சியின் மான்ட்கிளேரில் இதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். ஆன் மார்கரெட் ஷார்ப் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். முறை எளியது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதை படிப்பார்கள், அதிலிருந்து தாங்களே கேள்விகள் எழுப்புவார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசுவார்கள். நடத்துபவர் விடை சொல்ல மாட்டார். இப்படிக் கூடிப் பேசுவதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் ‘விசாரணைச் சமூகம்’ என்று எழுதுகிறார்கள். விசாரணை என்றால் நமக்குக் காவல் நிலையம்தான் ஞாபகம் வரும், அதனால் நாங்கள் வட்டம் என்றே சொல்கிறோம். லிப்மன் பிற்காலத்தில் விமர்சனச் சிந்தனை, படைப்புச் சிந்தனை ஆகியவற்றோடு அக்கறைச் சிந்தனை என்ற மூன்றாவதையும் சேர்த்துக்கொண்டார். பல வகுப்புகள் இந்த மூன்றாவதைத்தான் கோட்டை விடுகின்றன. உடன் படிப்பவரோடு பழகிப் பெறுவது கல்வியில் கால் பங்கு என்று நம் நன்னூலும் கணக்குச் சொல்கிறது. ஆசான் உரைப்பதிலிருந்து கிடைப்பதும் அதே கால் பங்குதான். ஆகவே பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் கற்பது என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை.

சான்றுகள் என்ன சொல்கின்றன என்பதை நேராகவே சொல்கிறேன். விளம்பரத் துண்டறிக்கைகளில் பாதிதான் வருகிறது. இங்கிலாந்தில் 2013இல் 48 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, சுமார் 3,000 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வகுப்பு உடனே, மறுபிரிவுக்குப் பின்னால். டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவின்படி, வகுப்பு நடந்த பள்ளிகளில் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாதப் படிப்பு அளவுக்குக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இதைத்தான் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். பிறகு அதே திட்டத்தை ஏறக்குறைய 200 பள்ளிகளில் விரித்துச் செய்து பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வாசிப்பில் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. பிள்ளைகள் பிறர் கருத்தை மதிக்கிறார்கள், தெளிவாகப் பேசுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னது மட்டும் இந்த இரண்டாவது சோதனையிலும் இருந்தது. ஆனால் வகுப்பை நடத்தியவரே வகுப்பைப் பற்றிச் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் நானும் அடக்கம்.

நீங்கள் கேட்கும் உறவு விஷயத்தை அளப்பது இன்னும் கடினம். டர்ஹாம் ஆய்வாளர்களே அதற்குத் தனியாக ஒரு ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். கூடி வேலை செய்வது, பேசிப் பழகுவது, அடுத்தவர் நிலையை உணர்வது இவற்றையெல்லாம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். வகுப்புக்குப் போன பிள்ளைகள் கொஞ்சம் மேலே இருந்தார்கள், வித்தியாசம் சிறியது. அங்கே பள்ளிகளைக் குலுக்கிப் பிரிக்கவில்லை, பதில்களும் பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவை. இன்னொரு பக்கம், ஸ்காட்லாந்தின் கிளாக்மனன்ஷயர் பள்ளிகளில் கீத் டாப்பிங், ஸ்டீவ் டிரிக்கி இருவரும் செய்த ஆய்வில், வாரம் ஒரு மணி நேர வகுப்பு தொடர்ந்து நடந்தபோது வகுப்பறையில் பேச்சின் போக்கே மாறியது. ஆசிரியர்கள் விடையைத் தமக்குள் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் குறைந்தன, பிள்ளைகள் பேசும் நேரம் கூடியது, காரணம் சொல்வது கூடியது. இதை நான் என் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். ஆகவே வட்டத்துக்குள் பிள்ளைகள் ஒருவர் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கப் பழகுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பழக்கம் வாசலைத் தாண்டி விளையாட்டு மைதானத்துக்கும் சமையலறைக்கும் தானாகப் போகிறதா என்பதில்தான் சந்தேகம்.

ஒன்றைச் சொன்னால் விளங்கும். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வட்டத்தில் ஒரு கேள்வி வந்தது: பேட் யாருடையதோ அவன்தான் முதலில் ஆட வேண்டுமா? நம் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தினசரி வழக்கு. பேட்டுக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவனும் அன்று வட்டத்தில் இருந்தான், அவுட் ஆனால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் என்று பெயர் வாங்கியவன். எங்க அப்பா காசு கொடுத்து வாங்கினது என்று அவன் ஆரம்பித்தான். காசு கொடுத்தது அப்பா என்றால் அப்பாதானே முதலில் ஆட வேண்டும் என்று ஒரு சிறுமி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பேச்சு சொந்தம் என்றால் என்ன, பயன்படுத்த விடாத பொருள் எப்படி விளையாட்டுப் பொருள் ஆகும் என்று போய்க்கொண்டிருந்தது. ஏழு வாரமாக வாயே திறக்காத ஒரு பையன் அப்போது, தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, “பேட் இல்லாதவன் எப்பவுமே ஃபீல்டிங்தான்” என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த நேரத்தில் நடத்துபவர் வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

பேட்காரன் அடுத்த வாரம் மாறியிருந்தானா என்றால் இல்லை. அவன் அம்மாவிடம் கேட்டேன், பேட் இன்னும் அதே மாதிரி வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவன் வழக்கமான இடத்தை விட்டு, அந்தப் பேசாத பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் சொல்லி அல்ல. இதற்கு மேல் நான் எதையும் ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பு ஒரு பிள்ளையின் உறவுகளில் என்ன செய்யும் என்று கேட்டால், என் அனுபவத்தில் பெரும்பாலும் இந்த அளவு நகர்வுதான். அது சின்னது, மெதுவானது. அது நிலைக்க வேண்டும் என்றால் வெளியே இருக்கும் பெரியவர்கள் கைகொடுக்க வேண்டும்.

இனி நீங்கள் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு கெடுக்கவும் செய்யுமா? செய்யும். நம் பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை என்ன என்று இருவரும் சேர்ந்து தேடுவது வாதம். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று எந்த நிலைப்பாடும் இல்லாமல் எதிரே இருப்பவர் சொல்வதை உடைத்துக்கொண்டே போவது விதண்டை. நம் வீடுகளில் பிள்ளை எதைக் கேட்டாலும் “விதண்டாவாதம் பண்ணாதே” என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது வாதத்தில்தான். ஆனால் விதண்டை என்ற நோயும் உண்மைதான். பிளேட்டோவும் இதைக் கண்டு பயந்தார். இளைஞர்களுக்குத் தர்க்கத்தின் ருசி தெரிந்துவிட்டால், நாய்க்குட்டி கண்டதைக் கடித்து இழுப்பதைப் போல எதிர்ப்பட்டவரையெல்லாம் வார்த்தையால் கிழிப்பார்கள் என்று எழுதி, 30 வயதுக்குப் பிறகுதான் அதைக் கற்பிக்க வேண்டும் என்றார். தர்க்கத்தைப் போட்டியாகக் கற்பிப்பதற்குத்தான் அந்தத் தடை பொருந்தும், பிள்ளைகள் சேர்ந்து தேடுவதற்குப் பொருந்தாது என்பது லிப்மன் தரப்பு. நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் நாய்க்குட்டியை நான் பார்த்திருக்கிறேன், வளர்த்தும் விட்டிருக்கிறேன்.

என் ஆரம்ப வருடங்களில் 11 வயதுப் பையன் ஒருவன் வந்தான். யார் என்ன சொன்னாலும் அதில் உள்ள முரணை நொடியில் பிடித்துவிடுவான். எனக்கு அளவில்லாத சந்தோஷம். “பிரமாதம்”, “எப்படிப் பிடிச்சான் பாருங்க” என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். இரண்டு மாதத்தில் வட்டத்தில் மற்ற பிள்ளைகள் பேசுவது குறைந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் இடைவேளையில் எல்லோரும் படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் செருப்பு விடும் இடத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த தண்ணீர் லாரி அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். அதில் படிக்க நான்கு வரிதான் உண்டு. டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்தப் பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது தத்துவம் இல்லை, என் பாராட்டு. பட்டிமன்றத்தில் எதிரணிக்குக் கொட்டு வைத்ததும் கைதட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் ஊறிப்போயிருக்கிறது. நான் அதை வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். பட்டிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. அது வேறு கலை, அதற்குத் தீர்ப்பு உண்டு, நடுவர் உண்டு, இரவு பத்து மணிக்கு இரண்டு அணியும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாப்பாட்டு மேசை கிடையாது.

அதற்குப் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன், இன்றைக்கும் அதுதான் எங்கள் வட்டத்தின் முதல் விதி. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். இது நான் கண்டுபிடித்தது இல்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கத்தை வைத்தார். மாற்றுச் சமயத்தார் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்கே போவார். பிள்ளைகளுக்கு இது சுலபமாக வருவதில்லை. திருப்பிச் சொல்லும்போது பாதிப் பேர் அடுத்தவர் சொன்னதைக் கொஞ்சம் அசட்டுத்தனமாக மாற்றித்தான் சொல்வார்கள், அப்போதுதான் உடைப்பது சுலபம். “நான் அப்படிச் சொல்லல” என்று மறுகுரல் வரும். மறுபடி முயல வேண்டும். மூன்றாவது தடவை சரியாகச் சொல்லும்போது பல சமயம் மறுக்க வேண்டிய தேவையே போய்விடுகிறது. உங்கள் மகளின் வகுப்பில் இப்படி ஏதாவது உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவளுக்குப் பாதிப் பாடம்தான் கிடைக்கிறது.

பெங்களூருவில் இருக்கும் நமக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை எந்த ஆய்விலும் நான் பார்த்ததில்லை. வகுப்பு நடப்பது ஆங்கிலத்தில். “ஐ டிஸ்அக்ரீ வித் யூ, பிகாஸ்” என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறார்கள். நல்ல வாக்கியம். சிறுமி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் பாட்டியிடம் பேசுவது தமிழில். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் வாயில் அது “நீங்க சொல்றது தப்பு பாட்டி” என்று வருகிறது. பிள்ளை சொல்ல நினைத்தது ஒன்று, பாட்டி காதில் விழுந்தது வேறு. “தப்பு” என்பது நம் மொழியில் கணக்குக்கும் உண்டு, குற்றத்துக்கும் உண்டு.

ஆனால் மறுத்துப் பேசத் தமிழில் வழியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். “எனக்கு அப்படித் தோணல பாட்டி” என்று சொல்லலாம். “இன்னொரு மாதிரியும் இருக்கலாமோ?” என்று கேட்கலாம். எல்லாவற்றையும் விட நம்மிடம் “ஒரு சந்தேகம்” என்று ஒரு கதவு இருக்கிறது. திண்ணைப் பள்ளியிலிருந்து கல்லூரி வரை, ஆசிரியர் சொன்னதையே ஆட்டிப் பார்க்கும் கேள்விகளைக்கூட நாம் சந்தேகம் என்ற பெயரில்தான் கேட்டுவந்திருக்கிறோம். “ஒரு சந்தேகம் கேக்கட்டுமா பாட்டி?” என்றால் எந்தப் பாட்டியும் “கேளு” என்றுதான் சொல்வாள். கேளு என்று சொன்ன பிறகு கேட்பதும் சொல்லாமல் கேட்பதும் ஒன்றாகாது. இதைப் பொய்ப் பணிவு என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பதில் சொல்ல எதிரே இருப்பவருக்கு ஒரு நிமிடம் இடம் கொடுப்பது அது. எங்கள் வட்டத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தமிழில்தான் பேசுகிறோம், இதைப் பழகுவதற்காகவே.

இப்போது தனி டம்ளர். இதை நான் தோழி விஷயத்தோடு சேர்க்க மாட்டேன், நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. அதை அவள் திரும்பப் பெற வேண்டியதில்லை, பெறவைக்காதீர்கள். கடோபநிடதத்தில் நசிகேதன் என்ன செய்தான்? தந்தை வேள்வியில் கறவை நின்ற கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுப்பதைப் பார்த்தான். என்னை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டான், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தந்தைக்குக் கோபம் வந்தது, எமனுக்குக் கொடுக்கிறேன் என்றார். பையன் போய் எமன் வாசலில் மூன்று இரவு சாப்பாடு இல்லாமல் காத்திருந்தான். எமன் மூன்று வரம் தருகிறேன் என்றபோது, மரணத்துக்குப் பின் என்ன என்ற பெரிய கேள்வியை அவன் மூன்றாவதாகத்தான் வைத்தான். முதல் வரம், என் தந்தையின் கோபம் தணிய வேண்டும், நான் திரும்பிப் போகும்போது அவர் என்னை அடையாளம் கண்டு அன்போடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. கேள்வி கேட்டது தவறு என்று அவன் எங்கும் சொல்லவில்லை. உறவு சரியாக வேண்டும் என்பதை முதலில் கேட்டான். பிள்ளைகளோடு இந்த வேலையைச் செய்யும் எனக்கு அந்த வரிசை முக்கியமாகப் படுகிறது.

உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வது? கேள்வி வேறு, கேட்ட இடம் வேறு என்று மகளிடம் பிரித்துச் சொல்லுங்கள். விருந்தாளிகள் முன்னால் கேட்டதில் பாட்டிக்குத் தலைகுனிவு ஆகிவிட்டது, அதற்காக அவள் பாட்டியிடம் வருத்தம் சொல்லலாம், கேட்ட விஷயத்துக்காக இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பிரிவு நன்றாகவே புரியும். நாம்தான் “போய் ஸாரி சொல்லு” என்று மொத்தமாகக் கட்டித் தள்ளிவிடுகிறோம். அடுத்தது உங்களுக்கு. அந்த டம்ளர் அலமாரியில் இருந்தது பாட்டிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பதிலைப் பாட்டி தலையில் மட்டும் கட்டினால், கேள்வி கேட்டால் வீட்டில் யார் பலவீனமோ அவர்தான் அகப்படுவார் என்று மகள் கற்றுக்கொள்வாள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் எழுதியதில் பாட்டியின் கோபம் இருக்கிறது, விருந்தாளிகளின் சங்கடம் இருக்கிறது. அந்த அக்கா அப்போது எங்கே இருந்தார், அவர் காதில் இது விழுந்ததா, மறுநாள் எந்த டம்ளரில் காபி குடித்தார் என்பது இல்லை. மகளின் சமூக உறவுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த அக்காவும் அவளுடைய உறவுதான், ஒருவேளை அந்த வீட்டில் அவளை அன்று அதிகமாக நினைத்துக்கொண்டவரும் அவராக இருக்கலாம்.

தோழி விஷயத்தில் மகள் பக்கம் நான் நிற்க மாட்டேன், கடிந்துகொள்ளவும் மாட்டேன். “நீதான் என் பெஸ்ட் ஃப்ரெண்ட்” என்று ஒரு சிறுமி சொல்வது சரியா தவறா என்று சோதிப்பதற்கான வாக்கியம் இல்லை. அது கையை நீட்டுவது. நீட்டிய கையை நீளம் அளந்து பார்த்தால் யாருக்கும் வலிக்கும். சில பேச்சு ஒரு செய்தியைச் சொல்கிறது, சில பேச்சு ஒரு செயலைச் செய்கிறது. வாழ்த்தும், வாக்குறுதியும், மன்னிப்பும் இரண்டாவது வகை. உண்மையில் இது தத்துவத்திலேயே ஒரு பெரிய பாடம். ஆக்ஸ்ஃபோர்டில் ஜே. எல். ஆஸ்டின் இதைப் பற்றித்தான் வருடக்கணக்காக யோசித்தார். உங்கள் மகளுக்கு இதை விளையாட்டாகவே சொல்லித்தரலாம். சாப்பிடும்போது ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இது செய்தியா, செயலா என்று பிரிக்கச் சொல்லுங்கள். “சாப்டியா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்பது எந்த வகை என்று கேட்டால் அவளே யோசிப்பாள். அதன் பிறகு தோழியிடம் என்ன சொல்வது என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்காது.

இதில் எனக்கு உறுதியில்லாத ஒன்றும் இருக்கிறது. 10, 11 வயதில் பெண்பிள்ளைகளின் தோழமைகள் எந்த வகுப்புக்கும் போகாமலேயே கலைந்து சேர்வது உண்டு. அந்தத் தோழி விலகியதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணமா, ஏற்கனவே விலகிக்கொண்டிருந்தவளுக்கு அது ஒரு சாக்கா என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. மகள் பள்ளிக்குப் போகவே தயங்குகிறாள், தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறது, எந்தப் பிள்ளையோடும் சேர்வதில்லை என்ற நிலை இருந்தால் அது என் துறை இல்லை, தத்துவ வகுப்பின் விஷயமும் இல்லை. பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித்துறை இருக்கிறது. அங்கே போவதில் தயக்கம் வேண்டாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

ஆகவே, வகுப்பை இப்போதே நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சனிக்கிழமை பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே எனக்கு ஒரு தகவல். அனுமதித்தால் பிள்ளைகள் எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசுகிறார்கள் என்று பார்க்காதீர்கள், அது நம்மை மயக்கிவிடும். ஒரு பிள்ளை பேசும்போது மற்றவர்களின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்லாக் கண்ணும் நடத்துபவர் முகத்தில் இருந்தால் அங்கே நடப்பது பாராட்டுக்கான போட்டி, அதில் உங்கள் மகள் கற்பது ஜல்பம்தான். அப்படியானால் வேறு வட்டம் தேடலாம். கண்கள் பேசுகிற பிள்ளையின் பக்கம் திரும்பினால், நடுவில் யாராவது ஒரு குழந்தை “நான் முன்னாடி சொன்னதை மாத்திக்கிறேன்” என்று சொல்லி, அதற்கு யாரும் சிரிக்காமல் இருந்தால், இன்னும் ஆறு மாதம் விடுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் மகள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.